கயித்துச்சாமிக்கு ஒட்டியாணம்

எங்கள் ஊர்க் கயித்துச்சாமிக்கு ஒட்டியாணம் போட்டுவிட்டார்கள். தங்கக் கலர். நடுவில் சிவப்புக் கல் மாதிரி ஒரு பொட்டு வேறு. திருவிழாவுக்காகச் சுரூபத்தை வர்ணம் அடிக்கக் கொடுத்திருந்த செஞ்சிப் பெயிண்டர் பட்டறை வாசலில் நின்று நான் கத்திய கத்தலில், பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் டயரைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"அண்ணே, இது இன்னாண்ணே?"

"ஒட்டியாணம்மா. தெரியலியா?"

"கயிறு இருந்துச்சே இந்த எடத்துல!"

"அது கயிறா? வருசத்துக்கு ஒரு கோட்டு பெயிண்ட அப்பி அப்பி வச்சிருந்தீங்க. சுரண்டிப் பாத்தா இடுப்ப சுத்தி உருண்டையா ஒண்ணு. சாமி இடுப்புல இருந்தா அது ஒட்டியாணம் தானம்மா? மாரியாத்தாளுக்குப் போட்ற அதே டிசைன். உங்க சாமியாச்சேன்னு இன்னும் ரெண்டு பூ சேத்து உட்டுருக்கேன்."

அவர் மேல் தப்பே இல்லை. சுற்றுவட்டாரத்துக் கோபுரப் பொம்மைகளுக்கெல்லாம் வர்ணம் அடிக்கிற கை அது. இடுப்பில் வெறும் கயிறு கட்டிய ஒரு சாமியை அவர் ஆயுசில் பார்த்ததில்லை. எனக்கு எரிந்தது வேறு இடத்தில். பின்னால் பைக்கில் வந்த திருவிழாக் கமிட்டித் தலைவர் அதைப் பார்த்துவிட்டு, "சூப்பரா இருக்குதுப்பா" என்று செல்போனில் நாலு போட்டோ எடுத்தார். முறைப்படி அவர் எனக்குப் பெரியப்பா. ஊரில் பாதிப் பேர் எனக்கு ஏதோ ஒரு முறையில் பெரியப்பாதான்.

"பெரியப்பா, இதுமேல நைனா கயிறு எப்படி கட்டுவாரு?"

"இந்த வருசம் கயிறு வோணாம்மா. தேச்சிடும். எவ்ளோ ஷைனிங்கா இருக்குது பாரு."

இவ்வளவுதான். எத்தனை தலைமுறையாகவோ எங்கள் வீட்டுக்கு இருந்த ஒரே மரியாதை, பெயிண்ட் தேய்ந்துவிடும் என்பதற்காகப் போய்விட்டது.

அந்த மரியாதை என்ன என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் வல்லத்துக்குப் பக்கம். மல்லாட்டை, நெல், ஒரு கிறிஸ்தவக் கோயில், ஒரு பால் சொசைட்டி. கோயிலில் ஒரு பழைய மரச் சுரூபம். நீள அங்கி, இடுப்பில் கயிறு, முழங்கைக்குக் கீழே கை இரண்டும் இல்லை. எப்போது உடைந்தது என்று யாருக்கும் தெரியாது. கையில் குழந்தை இருந்திருந்தால் கோடி அற்புதர் என்று சொல்லிவிடலாம். காயத் தழும்பு இருந்திருந்தால் அசிசியார் என்று சொல்லிவிடலாம். கையே இல்லாததால் எந்தப் புனிதர் என்று சொல்ல வழியில்லை. அதனால் ஊர் அவரைக் கயித்துச்சாமி என்றது.

வருஷா வருஷம் திருவிழாத் தேர் அன்று மத்தியானம், சுரூபத்தைச் சப்பரத்தில் ஏற்றிய பிறகு, எங்கள் நைனா ஒரு புதுக் கயிற்றை அதன் இடுப்பில் கட்டி மூன்று முடிச்சுப் போடுவார். போன வருஷக் கயிற்றை அவிழ்ப்பதும் அவர்தான். அந்தக் கயிறு வருஷம் முழுக்க அங்கேயே இருக்கும். இந்த வருஷம் மட்டும் சுரூபம் பட்டறைக்குப் போகிற அன்றே அவரை வைத்து அவிழ்த்திருந்தார்கள். கட்டிய கைதான் அவிழ்க்க வேண்டும். வேறு கை பட்டால் அந்த வீட்டில் மாடு தங்காது என்பது ஊர்க் கணக்கு. அவிழ்த்த பழைய கயிற்றை இழை இழையாகப் பிரித்து வீட்டுக்கு ஒன்று கொடுப்பார். கன்று போட்ட மாட்டின் கழுத்தில் அதைக் கட்டுவார்கள். இந்து வீட்டுக்காரர்களும் கேட்டு வாங்கிப் போவார்கள்.

இதனால் எங்களுக்கு என்ன கிடைத்தது? கயித்துக்கார வீடு என்கிற பெயர் கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் என்னை "ஏய் கயிறு" என்றுதான் கூப்பிட்டார்கள். பி.காம் சேர்ந்த அன்று முதல் வேலையாக, இந்தப் பெயர் தெரிந்த யாரும் என் செக்‌ஷனில் இல்லையே என்று பார்த்தேன். அப்படி வெறுத்த பெயருக்காகத்தான் பட்டறை வாசலில் நின்று கத்தினேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

நைனாவிடம் சொன்னேன். அவர் மோட்டார் கொட்டகையில் ஃபியூஸ் மாற்றிக்கொண்டிருந்தார்.

"ஒட்டியாணமா?"

"ஆமா நைனா. தங்கக் கலர்ல."

"ம்."

"கயிறு வோணாமாம்."

"ம்."

"இன்னா நைனா ம் ம்னுட்டு! போயி கேளு."

"கேட்டு வாங்குனா அது பேரு வேறம்மா" என்றார். மோட்டாரைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால், பரணில் புதுக் கயிறு சுருட்டி வைத்திருக்கிறது. செஞ்சிச் சந்தையில் முன்னாடியே வாங்கி வந்துவிட்டார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு நிஜமாகவே கிறுக்குப் பிடித்தது.

நான் ஃபாதரிடம் போனேன். எங்கள் பங்குச் சாமியார் நல்லவர். யாரிடமும் சண்டை வேண்டாம் என்கிற வகையில் நல்லவர். "இரும்மா" என்று பீரோவைத் திறந்து ஒரு தடி நோட்டை எடுத்தார். அந்தக் காலத்தில் இங்கிருந்த ஒரு பிரெஞ்சு சாமியார், கோயிலில் இருக்கிற பொருளை எல்லாம் எழுதி வைத்தது. மெழுகுவர்த்தித் தண்டு, மணி, பாத்திரம், அங்கி. நடுவில் ஒரு வரி. ஃபோனில் படம் எடுத்து மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டேன். மரச் சுரூபம், ஒரு கொர்தெலியே, கைகள் இல்லை.

கொர்தெலியே என்றால் என்ன? ஆப்புக்குத் தெரியவில்லை, அப்படியே எழுத்து மாற்றிக் கொடுத்துவிட்டது. கூகுளில் தேடினால் முதலில் வந்தது பாரிஸில் ஒரு தெரு. அடுத்தது பிரெஞ்சுப் புரட்சி சமயத்தில் கூடிய ஒரு அரசியல் கூட்டம். நம்ம கயித்துச்சாமி எப்போது புரட்சி செய்தார் என்று தலையைச் சொறிந்தேன். மூன்றாவது பக்கத்துக்குப் போன பிறகுதான் விஷயம் வந்தது. அந்தக் கூட்டம் கூடியது ஒரு பழைய மடத்தில். அந்த மடம் கொர்தெலியேக்களுடையது. மடம் போய்விட்டது, பேர் கூட்டத்துக்கு ஒட்டிக்கொண்டது.

அசிசியார் வழிவந்த துறவிகளைப் பிரான்சில் அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். கயிறு கட்டினவர்கள். அவ்வளவுதான் அர்த்தம். ஏதோ ஒரு போரில் அவர்கள் முன்னால் நின்று அடித்தார்களாம். யார் அவர்கள் என்று ராஜா கேட்டாராம். பெயர் தெரியாத யாரோ, கயிறு கட்டியிருக்கிறார்களே, அவர்கள்தான் என்றாராம். கதை உண்மையோ பொய்யோ, ஒரு ஊர் ஒரு ஆளுக்குப் பெயர் வைப்பது இப்படித்தான் நடக்கும் என்று எனக்குத் தெரியும். இங்கிலீஷ்காரன் அதே ஆட்களைச் சாம்பல் கலர்க்காரர்கள் என்றிருக்கிறான். இன்னொரு சபைக்காரர்களுக்குக் கறுப்பு. செருப்புப் போடாத சபைக்கு வெறுங்காலர். அங்கியைப் பார், காலைப் பார், இடுப்பைப் பார், பெயர் வை. கயிற்றில் மூன்று முடிச்சு: சொத்து வேண்டாம், கல்யாணம் வேண்டாம், சொன்ன பேச்சைக் கேட்பேன்.

மூன்று முடிச்சு! எங்கள் நைனா போடுகிற அதே மூன்று. செஞ்சி பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் நின்று, இதையெல்லாம் தமிழில் ஒரு பக்கத்துக்கு டைப் அடித்துப் பத்து காப்பி எடுத்தேன். பிரெஞ்சுக்காரன் நோட்டுப் போட்டோவையும் மேலே ஒட்டினேன். கோட்டையைப் பிடித்துவிட்ட மாதிரி ஒரு திமிரோடுதான் பஸ் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கமிட்டி கூடியது. நான் காப்பியைக் கொடுத்தேன். பேசினேன். நல்லாவே பேசினேன். கடைசியில், "அவரு பேரே கயிறுதான். கயிற எடுத்துட்டா அவரு யாருன்னே இல்ல" என்று முடித்தேன்.

பெரியப்பா பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"இம்மா, நல்லா எழுதியிருக்க. ஒண்ணு கேக்கறேன். இந்தக் கயிறு கட்டுன சாமியாருங்க, இருந்தத உட்டுட்டுக் கட்டுனாங்களா, இல்லாம கட்டுனாங்களா?"

"உட்டுட்டுத்தான். அசிசியாரே துணி வியாபாரி ஊட்டுப் புள்ளதான்."

"ஆங். அவரு ஊட்டுல பட்டு இருந்துச்சி, உட்டாரு, கயிறு கட்டுனாரு. உங்க தாத்தனும் எங்க தாத்தனும் கயிறுதான் கட்டினானுங்க. கோமணத்துக்கு. அவனுங்க எத உட்டுட்டுக் கட்டினானுங்க சொல்லு? நமக்கு இல்லாதது சாமிக்காச்சும் இருக்கட்டுமே. வர்றவன் போறவன் எல்லாம் கயித்துச்சாமி, மாட்டுக் கயித்துச்சாமின்றான். எனக்கு மட்டும் நல்லா இருக்குதா?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதுதான் கடுப்பு. "ஏய் கயிறு" என்று கூப்பிட்டபோது நான் எப்படிக் குறுகினேனோ, அதே குறுகல் அவரிடமும் இருந்திருக்கிறது. அதற்கு அவர் கண்ட மருந்து ஒட்டியாணம்.

"ரெண்டும் இருக்கலாமே" என்றார் ஃபாதர்.

"மேல கயிறு கட்னா கீழ ஒட்டியாணம் எப்படி ஃபாதர் தெரியும்? பெயிண்டுக்கு ஷார்ஜாவுல இருந்து காசு அனுப்புனவன் இன்னா நெனப்பான்?"

ஃபாதர் கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டம் முடிந்தது.

வீட்டில் நைனா எனக்காகக் காத்திருந்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"பேப்பர் குடுத்தியாமே."

"ஆமா. பிரெஞ்சுக்காரனே எழுதி வச்சிருக்கான் நைனா, கயிறுன்னு."

"அவன் எழுதலன்னா அது கயிறு இல்லியா?"

"நைனா, உனக்காகத்தான..."

"இத்தினி வருசம் எவனும் என்ன ஏன் கட்றன்னு கேட்டதில்ல. இப்போ ஊரே கேக்குது. நீதான் கேக்க வச்சிட்ட" என்றார்.

நான் அன்று சாப்பிடவில்லை. அவரும் சாப்பிடவில்லை. "ரெண்டு பேரும் கயிறாட்டம் முறுக்கிக்கினு திரியறீங்க, சோத்த எந்த மாட்டுக்குப் போட்றது?" என்றாள் அம்மா.

அப்புறம் வந்ததுதான் உச்சம். கொடியேற்றத்துக்கு முதல் நாள் பஸ் ஸ்டாப்பில் ஒரு ஃப்ளெக்ஸ். ஆளுயரத்துக்கும் மேலே. ஒட்டியாணம் பளபளக்கிற போட்டோ. கீழே கொட்டை எழுத்தில்: தங்க ஒட்டியாணம் அணிந்து அருள்பாலிக்கும் புனித கொர்தெலியார் திருவிழா.

நான் பத்து காப்பி எடுத்துக் கொடுத்ததில் அவர்கள் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு வார்த்தை. அதற்கும் ஒரு 'ஆர்' போட்டு ஆளாக்கிவிட்டார்கள்.

பந்தலில் நின்ற பெரியப்பாவை நேராகப் போய்ப் பிடித்தேன்.

"பெரியப்பா, அது பேரு இல்ல! ஒரு கொர்தெலியேன்னுதான் நோட்டுல இருக்குது. ஒரு வாத்தியாரு, ஒரு கொத்தனாருன்னு சொல்ற மாதிரி. புனித கொத்தனார்னு போர்டு வைப்பியா?"

"ஏம்மா, எத்தினி வருசமா சாமிக்குப் பேரு இல்லாம இருந்துச்சி. நீ கண்டுபுடிச்சிக் குடுத்த. ஊரே உன்னத்தான் பாராட்டுது."

"அதுக்கு அர்த்தமே கயிறு கட்டினவரு! தங்க ஒட்டியாணம் போட்ட கயிறு கட்டினவருன்னு எழுதி வச்சிருக்க!"

"பிரெஞ்சுல தானம்மா அர்த்தம். இங்க எவனுக்குத் தெரியப்போவுது?"

அன்று சாயங்கால மன்றாட்டில், "புனித கொர்தெலியாரே" என்று மைக்கில் சொன்னார்கள். "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று ஊரே சொன்னது. என் பக்கத்தில் முட்டிபோட்டிருந்த என் அம்மாவும் சொன்னாள். முறைத்தேன். "பேரு நல்லாதானடி இருக்குது" என்றாள்.

தேர் அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. கஞ்சி ஊற்றி முடித்ததும் சுரூபத்தைச் சப்பரத்தில் ஏற்றினார்கள். வழக்கமாக அந்த நேரத்தில் கொட்டு மேளத்தை நிறுத்துவார்கள். நைனா செருப்பைக் கழற்றிவிட்டு, கால் கழுவி, ஏறி, கட்டி, இறங்குகிற வரைக்கும் சத்தம் இருக்காது. இந்த வருஷம் நிறுத்தவில்லை. நைனா கோயில் பக்கமே வரவில்லை. வெள்ளை வேட்டி சட்டை போட்டுக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் நின்றிருந்தார். நானும் ஊர்வலத்தில் போகாமல் அவர் பக்கத்தில் நின்றேன்.

எங்கள் தெருவில் குடிநீர்ப் பைப்புக்குத் தோண்டியதைச் சரியாக மூடவில்லை. சப்பரத்தின் முன் சக்கரம் அந்தப் பள்ளத்தில் இறங்கியது. சாமி முன்னால் சாய்ந்தது. கீழே நின்றவர்கள் "ஐயோ" என்றார்கள். மேலே நின்ற ரெண்டு பேர் சாமியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பின்னால் தள்ளினால் பின்னால் சாய்ந்தது. இத்தனை வருஷமாக இப்படி ஆனதே இல்லை. ஏன் ஆனதில்லை என்று அந்த நிமிஷம் வரை ஒருத்தர் யோசித்ததில்லை, நானும்தான். நைனா மூன்று முடிச்சுப் போட்டதும் மிச்சக் கயிற்றை முதுகுப் பக்கம் கொண்டுபோய்ச் சப்பரத் தூணில் இறுக்குவார். தேர் நின்றதும் அதைத் தூணிலிருந்து எடுத்துச் சாமி இடுப்பிலேயே சுற்றிவிடுவார். நாங்கள் எல்லாம் முடிச்சைத்தான் பார்த்தோம். வாலைப் பார்க்கவில்லை.

"கயிறு! கயிறு எட்றா! எவன்னா கயிறு எடுத்தாங்கடா!" பெரியப்பாவின் குரல்தான்.

தெருவே திரும்பி எங்கள் வாசலைப் பார்த்தது.

நைனா உள்ளே போனார். நிதானமாகத்தான் போனார். கயிற்றோடு வந்தார். தொட்டியில் தண்ணீர் மொண்டு கால் கழுவினார்.

"யோவ், சாமி உழப்போவுதுய்யா! காலு கழுவினு நிக்கிற!" என்று சாமியைப் பிடித்திருந்தவர்களில் ஒருத்தர் கத்தினார்.

"புடிச்சிக்கினு இரு. கை இருக்குது இல்ல உனக்கு" என்றார் நைனா.

ஏறினார். கொட்டு தானாக நின்றது. ஒட்டியாணத்துக்கு மேலே, சரியாக அதே இடத்தில், கயிற்றைச் சுற்றினார். ஒன்று. இரண்டு. மூன்று. அப்புறம் வாலைப் பின்னால் கொண்டுபோய்த் தூணில் இறுக்கினார். சிவப்புக் கல் பொட்டு மேல் மூன்றாவது முடிச்சு உட்கார்ந்திருந்தது. மைக்கில் பெரியப்பா சொன்னார்: "பாதுகாப்புக் காரணங்களுக்காக, புனித கொர்தெலியாருக்குத் தற்காலிகமாகக் கயிறு கட்டப்பட்டிருக்கிறது." தற்காலிகமாக! எனக்கு அந்த மைக்கைப் பிடுங்கித் தொட்டியில் போட வேண்டும் போல இருந்தது.

மறுநாள் காலை கோயிலில் ஒரே கூட்டம். ஷார்ஜாக்காரர் வீடியோ காலில் வரப்போகிறார், ஒட்டியாணத்தைப் பார்க்கணுமாம். பெரியப்பா ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டார்.

"டேய், அந்தக் கயித்த அவுருடா."

"எங்க ஊட்டு மாடு செனையா இருக்குது மாமா."

"நீ வாடா."

"நேத்துதான் கன்னு போட்டிருக்குது. ஆள உடு."

"உனுக்குத்தான் மாடே இல்லியேடா!"

"லோன் போட்டிருக்கேன் சித்தப்பா, வந்துடும்."

"நீங்களே அவுருங்க பெரியப்பா" என்றேன் நான். சொசைட்டிக்கு அதிகமாகப் பால் ஊற்றுவது அவர் வீட்டு ரெண்டு ஜெர்சி மாடுகள்தான்.

"எனக்கு இடுப்பு புடிச்சிக்கினு இருக்குதும்மா. ஃபாதர், நீங்க... உங்களுக்கு மாடு கீடு ஒண்ணும்..."

"பங்குல இருக்கற மாடெல்லாம் என் மாடுதாங்க" என்றார் ஃபாதர். அவர் வந்த நாளிலிருந்து சொன்னதிலேயே உருப்படியான வார்த்தை அதுதான்.

வேறு வழியில்லாமல் நைனாவுக்கு ஆள் அனுப்பினார்கள். வந்தார். வாசலிலேயே நின்றார். தோளில் மண்வெட்டி.

"யோவ், வந்து அவுத்துட்டுப் போய்யா. தேர் முடிஞ்சிடுச்சி இல்ல. அவன் லைன்ல இருக்கான்."

நைனா சாமியைப் பார்த்தார். கயிறு உராய்ந்ததில் ஒட்டியாணத்தின் ஒரு பக்கம் தங்கம் உரிந்திருந்தது. உரிந்த இடத்தில் மரம் தெரிந்தது. பெயிண்டர் உருண்டை என்று சொன்ன அந்த இடத்தில், பக்கத்தில் போய்ப் பார்த்தால், செதுக்கிய கயிற்று முறுக்கு தெரிந்தது. நான் காட்டினேன். ஒருத்தரும் பார்க்கவில்லை. எல்லோரும் நைனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அடுத்த வருசத் திருவிழாவுல அவுக்கறேன்" என்றார் நைனா. "புதுசு கட்டும்போது."

பெரியப்பா ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டார். அதில் இன்னும் "ஹலோ, ஹலோ" என்று கேட்டுக்கொண்டிருந்தது.

நைனா மல்லாட்டைக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டார். ஜெயித்துவிட்டோம் என்று எல்லோரும் என்னிடம் சொல்கிறார்கள். ஜெயித்தது மாட்டுப் பயம். நான் தேடிப்பிடித்த அர்த்தம் இல்லை. அந்த ஃப்ளெக்ஸ் இன்னும் பஸ் ஸ்டாப்பில்தான் தொங்குகிறது. தினமும் செஞ்சி பஸ்ஸுக்கு அதன் கீழேதான் நிற்கிறேன். நேற்று ஒரு அம்மா அதைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு என்னிடம் கேட்டார்: "கொர்தெலியாரு எந்த ஊரு சாமிம்மா?"

பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டேன்.